ஆக்ஸ்பரோ மாளிகை

கட்டிடம் என்பது கல்லும் சுண்ணமும் மட்டுமன்று; அதனை எடுத்தோர் எண்ணமும், அதில் உறைந்தோர் அச்சமும் அதன்கண் பொதிந்துள்ளன. இவ்வுண்மையைத் தெளிதற்கு, இங்கிலாந்தின் நார்போக் கோட்டத்திலுள்ள ஆக்ஸ்பரோ மாளிகையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இதனை எடுப்பித்தவர் ஸர் எட்மண்ட் பெடிங்பீல்ட் என்னும் பெருநிலக்கிழார். மனைக்கு அரணுறுப்புக்கள் அமைக்க அரசன் இசைவு பெறுதல் அந்நாட்டு வழக்கு. 1482-ஆம் ஆண்டில் நான்காம் எட்வர்ட் மன்னன் அவ்விசைவை இவர்க்கு அளித்தான்.

செங்கல்லால் எடுத்தது என்னையெனின், கிழக்கு இங்கிலாந்தில் நல்ல கட்டிடக்கல் அரிது, களிமண்ணோ எளிது. 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் செல்வர் செங்கல்லைப் பெருமைக்குரிய பொருளாகவே மதித்தனர். அக்காலக் கொற்றர் ஒரு வரியில் செங்கற்களை நீளவாட்டிலும், அடுத்த வரியில் குறுக்குவாட்டிலும் மாறிமாறி அடுக்குவதைப் பெரிதும் கைக்கொண்டனர். அதனால் ஓர் இணைப்பின்மேல் மற்றோர் இணைப்பு நேரே விழாது. சுவரும் எளிதில் பிளவாது.

மாளிகையைச் சுற்றி நாற்புறமும் அகழி உண்டு. வடபால் ஏறத்தாழ 80 அடி உயரமுள்ள வாயிற்கோபுரம் நிமிர்ந்து நிற்கின்றது. அதனுள்ளே மேலேறும் சுழற்படிக்கு மேல்வளைவும் செங்கல்லே. கைப்பிடியும் சுவரினுள் பதித்த செங்கல்லே. மரமோ கருங்கல்லோ செய்யும் பணியை மண் செய்யுமாறு அமைத்த திறம் வியக்கத்தக்கது.

பழந்தமிழ் நூலோர் ஞாயில் என்று கூறும் மதிலுறுப்பும் இங்கே மேலே உளது. ஆயினும் அதன்கீழே அகன்ற பலகணிகள் திறந்திருக்கின்றன. பீரங்கியொடு பகைவர் வரின் இவை தாங்குமோ? தாங்கா. ஆகவே இவ்வரண் போருக்கன்று, பொலிவுக்கே எனத் துணியலாம். 1487-இல் ஏழாம் ஹென்றி மன்னன் இங்கு வந்தமையும் அப்பொலிவுக்குச் சான்றாகும்.

பின்னர் இம்மனைக்கு ஆபத்து வந்தது. பீரங்கியால் அன்று, சட்டத்தால். எலிசபெத் அரசி காலத்திலும் பெடிங்பீல்ட் குடும்பத்தார் கத்தோலிக்க நெறியினின்று வழுவவில்லை. 1585-இல் இயற்றிய சட்டப்படி, அயல்நாட்டில் குருப்பட்டம் பெற்று வந்த கத்தோலிக்கக் குரு நாட்டில் இருத்தல் இராசத்துரோகம். அவர்க்குப் புகலளித்தலும் மரணதண்டனைக்குரிய குற்றம். ஒரே வேதத்தை ஓதுவோர் ஒருவரையொருவர் வேட்டையாடிய கொடுங்காலம் அது! வாயிற்கோபுரத்தில் ஒரு சிற்றறைத் தரையின்கீழ் ஒளிவிடம் ஒன்று உண்டு. அதன் மூடி, மூடியக்கால் தரையோடு தரையாய் ஒன்றிவிடும். ஓங்கிய கோபுரம் தரவியலாத காவலை அவ்விருட்குழியே தர வேண்டியதாயிற்று.

1951-இல் இம்மாளிகை விற்கப்பட்டு இடிபடும் நிலையை அடைந்தது. அக்குடும்பத்துப் பெண்டிர் முயன்று அதனை மீட்க, 1952-இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையத்தின் வசமாயிற்று. 2016-இல் மேன்மாடப் பலகணி ஒன்று வீழ்ந்தமையால் கூரைத் திருப்பணி நிகழ்ந்தது. அப்பணியின்போது, 2020-இல், 1568-இல் அச்சான செபநூல் ஒன்று மேன்மாடத்து மறைவிலிருந்து வெளிப்பட்டது.

புகழ் வேண்டி எடுத்த கோபுரமும், உயிர் காக்க அமைத்த குழியும் ஒரே மனையில் உள்ளன. காண்போர் முதலில் கோபுரத்தை நோக்குவர். மனையின் வரலாற்றை அறிந்தோரோ அக்குழியின் அருகே சற்று நிற்பர். மாணவராகிய யாமும் கட்டிடங்களை இவ்விரு கண்ணாலும் நோக்கக் கற்போமாக.