சோம்பேறி என்று சொல்வதற்கு முன்

என் பெரியம்மாவை நாங்கள் எல்லோரும் சோம்பேறி என்றுதான் சொன்னோம். ஒரு காலத்தில் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, ஆறு மணிக்குள் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிடுகிறவர். நாற்பத்தைந்து வயதுக்குமேல் அந்த வேகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எட்டு மணிவரை படுத்திருப்பார். கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமாகும். சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்பார். வந்தாலும் ஓர் ஓரமாக உட்கார்ந்து காரணமில்லாமல் அழுவார். வீம்பு, கொழுப்பு, தீட்டு நிற்கிற வயசு என்று ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தோம். செய்வினை என்று சொன்ன உறவினரும் உண்டு.

மூன்று வருடம் இப்படிப் போனது. குரல் கரகரப்பாகிவிட்டதே என்று தொண்டையைக் காட்டப் போன இடத்தில், ஒரு மருத்துவர் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, முகத்தின் உப்பலைக் கவனித்து, ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. மாத்திரை தொடங்கி ஐந்தாறு மாதத்தில் பழைய பெரியம்மா எங்களுக்குத் திரும்பக் கிடைத்தார். அந்த மூன்று வருடம் அவர் கேட்ட பேச்சுகளுக்கு எங்களில் யாரும் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தப் பத்தியை அந்தக் கடனுக்காகவும் எழுதுகிறேன். தைராய்டையும் மனசையும் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: தைராய்டு கழுத்தில் வரும் நோய். மனசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சுரப்பி தைராய்டு. அது சுரக்கும் தைராக்சின் உடம்பின் ஒவ்வொரு திசுவுக்கும் வேகம் சொல்கிறது. மூளையும் அதில் அடக்கம். சொல்லப்போனால், ரத்தத்தில் வரும் தைராக்சினை டி3 என்ற இன்னும் வீரியமான வடிவமாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை மூளை தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகியவற்றின் இயக்கத்திலும் இந்த ஹார்மோனுக்குப் பங்குண்டு. ஆகவே சுரப்பு குறைந்தால் குடல் மந்தமாவதுபோல யோசனையும் மந்தமாகிறது. மறதி, கவனமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, சட்டென்று வரும் எரிச்சல், அழுகை, சிலருக்குப் பதற்றம் என்று எல்லாம் வரலாம்.

சிக்கல் என்னவென்றால், இவை அப்படியே மனச்சோர்வு நோயின் அடையாளங்களும்கூட. களைப்பும் தூக்கமும் எடைகூடுதலும் ஆர்வக்குறைவும் இரண்டிலும் உண்டு. பேச்சைக் கேட்டு மட்டும் பிரித்துவிட முடியாது. ஆனால் உடம்பு சில துப்புகளைக் கொடுக்கும். மற்றவர்களுக்குப் புழுங்கும்போது இவருக்குக் குளிரும். மலச்சிக்கல் இருக்கும், தோல் வறளும், முடி கொத்தாக உதிரும். குரல் தடிக்கும், கண்ணைச் சுற்றி உப்பும், மாதவிடாய்ப் போக்கு அதிகமாகும், நாடித் துடிப்பு மெதுவாகும். மனச்சோர்வோடு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால், தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய பதினோரு பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தமக்கு அந்த நோய் இருப்பதே அதுவரை தெரியாது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பல மடங்கு அதிகம் வருகிறது. நம் வீடுகளில் சோம்பேறி, சிடுமூஞ்சி என்ற பட்டங்களும் பெரும்பாலும் பெண்களுக்கே போகின்றன.

நம்பிக்கை: சோர்வு வரலாம், புத்தி பேதலிக்குமளவுக்கா ஒரு சுரப்பி செய்துவிடும்?

செய்யும். அபூர்வமாகத்தான், ஆனால் செய்யும். இதை மருத்துவ உலகம் அறிந்து நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1873இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல், நடுத்தர வயதுப் பெண்களுக்கு முகம் வீங்கி, பேச்சு தடித்து, மனமும் மந்தமாகும் ஒரு நோயை விவரித்தார். தைராய்டு குறைவுதான் அது. 1888இல் லண்டன் கிளினிக்கல் சொசைட்டியின் குழு, அந்த நோய் கண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இல்லாததைப் பார்ப்பதும் கேட்பதும், பிறர்மேல் வீண் சந்தேகம் கொள்வதும் இருந்ததாக அது பதிவுசெய்தது. அன்று மருந்தே கிடையாது; நோய் முற்றும்வரை முற்றியது.

மூன்றே ஆண்டில் மருந்து வந்தது. 1891இல் நியூகாசிலைச் சேர்ந்த ஜார்ஜ் முர்ரே, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்குத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார். நோய் முற்றியிருந்த அந்தப் பெண் தேறி நடமாடினார். 74 வயதுவரை வாழ்ந்தார். அதற்குள் அவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு செலவாகியிருந்தது. இன்று நாம் விழுங்கும் கடுகளவு மாத்திரைக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

1937இல் வந்த ஏ.ஜே. குரோனினின் 'தி சிட்டாடல்' நாவலில், சுரங்கத் தொழிலாளி ஒருவரைப் பைத்தியம் என்று சான்றளித்து அடைக்கப் பார்ப்பார்கள். இளம் மருத்துவரான கதாநாயகன் கையெழுத்துப் போட மறுத்து, அது தைராய்டு குறைவு என்று கண்டுபிடிப்பான். குரோனினே மருத்துவர், வெறும் கற்பனையாக இதை எழுதவில்லை. பிறகு 1949இல் ரிச்சர்ட் ஆஷர், மனநோயாளிகளாகவே வந்து சேர்ந்த 14 தைராய்டு நோயாளிகளைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். தைராய்டு மருந்து கொடுத்ததும் அவர்களில் பெரும்பாலோர் தெளிந்தார்கள்.

நம் ஊரில் புத்தி தடுமாறியவர்களைக் குணசீலம் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் அழைத்துப்போகும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. அந்தக் குடும்பங்களின் தவிப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். வேண்டுதல் அவர்களுக்கு ஒரு பிடிமானம். கிளம்புவதற்கு முன் தைராய்டு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வயதானவர்களுக்கு மறதி தொடங்கும்போதும் இதே வேண்டுகோள்தான். டிமென்ஷியா என்று முடிவுகட்டும் முன் மருத்துவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் தைராய்டும் வைட்டமின் பி12 குறைவும் உண்டு.

நம்பிக்கை: "எனக்கு டிஎஸ்எச் 18. தைராய்டு ரொம்ப அதிகம்."

பரிசோதனைக் கூடத்து வாசலில் தினமும் கேட்கிற வாசகம் இது. உண்மை நேர் தலைகீழ். டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்க அதை அனுப்புகிறது. கொத்தனார் சுணங்கச் சுணங்க மேஸ்திரியின் குரல் உயரும் அல்லவா? அதுபோல, தைராய்டு வேலை செய்யாதபோதுதான் டிஎஸ்எச் ஏறும். எண் கூடினால் சுரப்பு குறைவு. இது தெரியாமல், அளவு அதிகமாகிவிட்டது என்று பயந்து மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு, சில வாரத்தில் மீண்டும் படுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

நம்பிக்கை: எல்லாம் தைராய்டுதான். மாத்திரை போட்டால் மனசும் சரியாகிவிடும். மனநல மருத்துவர் தேவையில்லை.

முதல் நம்பிக்கைக்கு நேர் எதிரான இந்தத் தவறும் அதே அளவு தீங்கானது. மனநோய் என்று சொல்லக் கூசும் வீடுகளுக்குத் தைராய்டு ஒரு கௌரவமான பெயராகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லலாம், அலுவலகத்தில் சொல்லலாம். கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் மனச்சோர்வு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தைராய்டு நன்றாகத்தான் வேலை செய்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் தனித்தனியாகவும் இருக்கலாம். தைராய்டு சீரான பிறகும் மனம் தேறவில்லையென்றால், அதற்குரிய சிகிச்சையை அதற்குரிய மருத்துவரிடம்தான் பெற வேண்டும்.

இங்கே இன்னொரு நுட்பம் உண்டு. டிஎஸ்எச் லேசாக ஏறியிருக்கும், தைராக்சின் அளவு சரியாகவே இருக்கும். அறிக்கையில் 6 என்றோ 7 என்றோ தடித்த எழுத்தில் அடித்திருப்பார்கள். அதைப் பார்த்ததும், இத்தனை நாள் துக்கத்துக்கு இதுதான் காரணம் என்று நிம்மதி வந்துவிடும். 2017இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், இப்படி லேசாக ஏறியிருந்த 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு உண்மையான மருந்தும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்துக் களைப்பிலோ மற்றத் தொந்தரவுகளிலோ வித்தியாசமில்லை. கர்ப்பிணிகள், கருத்தரிக்க முயல்பவர்கள், டிஎஸ்எச் 10ஐத் தாண்டியவர்கள் ஆகியோரின் கணக்கு வேறு. மற்றவர்கள் அந்த ஓரிரண்டு புள்ளியின்மேல் முழு மனபாரத்தையும் ஏற்றிவிடக் கூடாது. தேவைக்கு மேல் தைராக்சின் எடுத்தாலும் ஆபத்துதான். தூக்கம் கெடும், படபடப்பு வரும், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாளம் தப்பும், எலும்பு தேயும்.

நம்பிக்கை: மனநல மாத்திரைதான் தைராய்டைக் கெடுத்தது. நிறுத்திவிடு.

பாதி உண்மை. இருதுருவ மனநோய்க்குக் கொடுக்கப்படும் லித்தியம் சிலருக்குத் தைராய்டு சுரப்பைக் குறைக்கும். அதனால்தான் லித்தியம் எடுப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்க்கச் சொல்கிறார்கள். குறைந்தால் தைராக்சின் மாத்திரையைச் சேர்த்துக்கொள்ளலாம், லித்தியத்தைத் தொடரலாம். தானாக நிறுத்தினால் திரும்பி வரும் நோய், தைராய்டு குறைவைவிடப் பல மடங்கு கொடியது.

நம்பிக்கை: பிள்ளை பெற்ற உடம்பு. அழுகையும் அசதியும் இருக்கத்தான் செய்யும்.

முதல் ஒன்றிரண்டு வாரத்து அழுகை தானாக அடங்கும். அடங்காவிட்டால், அல்லது நாலைந்து மாதம் கழித்துப் புதிதாகத் தொடங்கினால், அது பச்சை உடம்பின் இயல்பு என்று விடக்கூடாது. பிரசவித்த பெண்களில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்குத் தைராய்டில் ஓர் அழற்சி வருகிறது. முதலில் சில வாரம் சுரப்பு எகிறிப் படபடப்பாக இருக்கும். பிறகு தரையில் விழுந்ததுபோல் குறையும். கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாயின் களைப்பில் இது மறைந்துகொள்ளும். பலருக்கு ஓராண்டில் சரியாகிவிடும், சிலருக்கு நிலைத்துவிடும். பத்தியச் சாப்பாட்டுக்கும் நாள் பார்த்துத் தலைக்கு ஊற்றுவதற்கும் இவ்வளவு கவனம் எடுக்கிற நாம், அந்தத் தாய்க்கு ஒரு டிஎஸ்எச் பார்க்கவும், குழந்தைமேல் ஒட்டுதல் வருகிறதா என்று மெல்லக் கேட்கவும் மறந்துவிடுகிறோம்.

நம்பிக்கை: தைராய்டு மாத்திரையைத் தொட்டால் விடாது, அடிமையாகிவிடுவோம்.

உடம்பு செய்யாத ஒன்றை வெளியிலிருந்து ஈடுகட்டுவதற்கு அடிமைத்தனம் என்று பெயரில்லை. கண்ணாடி போடுவதை அப்படிச் சொல்கிறோமா? பலருக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படும் என்பது மட்டும் உண்மை.

மாத்திரை போட்டும் மனசு தேறவில்லை என்கிறவர்கள் முதலில் அதை எப்படிப் போடுகிறோம் என்று பார்க்கட்டும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கும் பலகாரத்துக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். எழுந்ததும் டிகாஷன் இல்லாமல் முடியாது என்பவர்கள், மருத்துவரைக் கேட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் தைராக்சினை உடம்பில் சேரவிடாது. நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். முடி உதிர்கிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்று ஏராளம். அது பல பரிசோதனைக் கருவிகளை ஏமாற்றி, குறைந்திருக்கும் தைராய்டைச் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்தி, கூடத்தில் சொல்லியும்விடுங்கள்.

மருந்தளவை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும். மனத்தெளிவு அந்த எண்ணுக்கும் பின்னால்தான் வரும், சில மாதம்கூட ஆகலாம். பெரியம்மாவுக்கு டிஎஸ்எச் சரியான பிறகும், மீண்டும் கோலமாவை எடுக்க இரண்டு மாதம் பிடித்தது.

தைராய்டுக்கு ஆகாதென்று முட்டைக்கோஸ், காலிஃபிளவரை அடியோடு விலக்கத் தேவையில்லை. சமைத்து வழக்கமான அளவில் சாப்பிடலாம். அயோடின் உப்பை விட்டு இந்துப்புக்கு மாறுவது நோயைத் தீர்க்காது. இந்துப்பில் இயல்பாக அயோடின் மிகக் குறைவு.

உங்கள் வீட்டில் அண்மைக்காலமாக மந்தமாகிவிட்ட, சிரிப்பை மறந்துவிட்ட ஒருவர் இருந்தால், இந்த வாரம் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் டிஎஸ்எச் பாருங்கள். தனியார் கூடத்தில் சில நூறு ரூபாய்தான் ஆகும். வாழப் பிடிக்கவில்லை என்று அவர் ஒரு தடவை சொல்லியிருந்தாலும் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.