மலைச்சரிவில் நீரேற்றும் பம்பும் சேமிப்புத் தொட்டியும்

ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாகத் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கின்றது. செய்யாறு இம்மலையிலேயே உற்பத்தியாகின்றது. மழைக்காலத்தில் ஓடைகள் பெருகி ஓடினும், பங்குனி சித்திரையில் ஊற்றுகள் நூல்போல் இளைத்துவிடுகின்றன. நீர் பள்ளத்திலும் நிலம் மேட்டிலும் அமைந்திருப்பதால், சாமையும் கேழ்வரகும் மழையை நம்பியே விளைகின்றன. காய்கறித் தோட்டமோ பழமரங்களோ வைக்க விரும்பும் குடியானவர் நீரை மேலே ஏற்றியாக வேண்டும்.

இவ்வேலையில் பலர் முதலில் பம்பை வாங்கி, பிறகு குழாயைப் போட்டு, கடைசியில் மிஞ்சிய பணத்தில் தொட்டியைக் கட்டுகின்றனர். இம்முறை தலைகீழானது. நீர்வரவு, உயரம், தொட்டி, பம்பு என்னும் வரிசையில் ஆலோசிப்பதே நட்டத்தைத் தவிர்க்கும் வழியாகும்.

நீர்வரவை அளத்தல்

ஊற்றை ஐப்பசியில் பார்த்து மதிப்பிடலாகாது. சித்திரையில் அளத்தல் வேண்டும். ஊற்றுநீர் முழுவதையும் ஒரு குழாயின் வழியே விழச்செய்து, 15 லிட்டர் பாத்திரம் நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தால் குறிக்க வேண்டும். 30 விநாடியில் நிரம்புமாயின் வரவு விநாடிக்கு அரை லிட்டர். ஒரு நாளுக்கு 43,200 லிட்டர்.

இது முழுவதும் ஒருவருக்கே உரியதன்று. கீழேயுள்ள குக்கிராமத்தின் குடிநீரும் கால்நடைகளின் நீரும் முதலில் ஒதுக்கப்பட வேண்டும். பாதியை ஓடையிலேயே விடுவதாகக் கொண்டால், ஏற்றத்தக்கது நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 லிட்டராகும்.

சூரியசக்திப் பம்பு பகலில் 6 மணிநேரம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அந்நேரத்தில் ஊற்றிலிருந்து நம் பங்காக வருவது 5,400 லிட்டரே. எஞ்சிய 14,600 லிட்டர், பம்பு ஓடாத 18 மணிநேரத்தில் கீழ்க்கிணற்றில் சேர்ந்திருத்தல் வேண்டும். 4 மீட்டர் குறுக்களவுள்ள கிணற்றில் 1.2 மீட்டர் ஆழ நீர் இதற்குப் போதுமானது. இவ்விடம் இல்லாவிடில் பம்பு நீரின்றிச் சுழன்று பழுதாகும்.

உயரமும் பம்பின் வலிமையும்

நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் வாய்வரை உள்ள உயரத்தைக் கண்மதிப்பால் சொல்லுதல் தவறு. கொத்தர்கள் கையாளும் தண்ணீர்மட்டக் குழாயைக்கொண்டு படிப்படியாக அளந்து கூட்டுவது எளிது. அவ்வுயரம் 40 மீட்டராகவும், குழாயின் உராய்வால் ஏற்படும் நட்டம் 5 மீட்டராகவும் இருப்பின், மொத்தம் 45 மீட்டர். 20,000 லிட்டரை அவ்வளவு உயர்த்தும் வேலை ஏறக்குறைய 2.5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பம்பு, மோட்டார் ஆகியவற்றின் நட்டங்களையும் சேர்த்தால் 6 யூனிட் அளவாகும். அதாவது மணிக்கு ஒரு யூனிட். இதற்கு 2 குதிரைத்திறன் பம்பே போதும். அண்டை வீட்டார் 5 குதிரைத்திறன் வைத்தார் என்று தாமும் வைப்பவர், அதிக விலை கொடுத்துக் கிணற்றை விரைவில் வற்றச் செய்பவராவார்.

குழாயில் சிக்கனம் செய்வதும் பிழையே. குறுக்களவைப் பாதியாகக் குறைத்து அதே நீரைச் செலுத்தினால், உராய்வு நட்டம் ஏறக்குறைய முப்பது மடங்காகின்றது.

கரையில் வைக்கும் பம்பு நீரை உறிஞ்சும் ஆழத்துக்கு இயற்கையே எல்லை வகுத்துள்ளது. கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் 10.3 மீட்டர் உயர நீரைத் தாங்கும். 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரில் அது 9.5 மீட்டரளவே. உராய்வும் கசிவும் சேர்ந்த பின் 6 மீட்டருக்கு மேல் நம்புதல் கூடாது. அதனினும் ஆழமாயின் நீர்மூழ்கிப் பம்பே ஏற்றது.

தொட்டி

4 மீட்டர் குறுக்களவும் 1.6 மீட்டர் நீராழமும் கொண்ட வட்டத் தொட்டியில் 20,000 லிட்டர் அடங்கும். அந்நீரின் எடை மட்டும் 20 டன். சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை விளிம்பில் கொட்டிச் சமன்செய்து, அதன்மீது தொட்டி கட்டுவோர் உண்டு. மழையில் கொட்டிய மண் அமுங்கும். வெட்டிய பக்கம் அமுங்காது. தொட்டி நடுவில் பிளக்கும். ஆதலால் தொட்டி முழுவதும் வெட்டிய கெட்டிநிலத்தின்மேல் நிற்க வேண்டும். மேற்புறத்திலிருந்து வரும் மழைநீரை விலக்க ஒரு வாய்க்காலும் தேவை.

வெளியேறும் குழாயைத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தால் வண்டல் வயலுக்குப் போகாது. வண்டலைக் கழிக்க அடியில் தனிக்குழாய் வேண்டும். மிகுந்து வழியும் நீர் அடித்தளத்தை அரிக்காதவாறு மீண்டும் ஓடைக்கே செல்லட்டும். கொசுக்களையும் குழந்தைகளையும் எண்ணி மூடி போடுதல் இன்றியமையாதது.

வயலின் மேல்விளிம்பைவிடத் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருப்பின், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தானே கிடைக்கும். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு இரண்டாவது பம்பு வேண்டியதில்லை.

வெயில்

காவலூர் வானாய்வுக்கூடம் தெளிந்த வானத்தை நாடியே இம்மலையில் அமைக்கப்பெற்றது. ஆயினும் மழைமாதங்களில் இங்கும் மேகம் சூழும். மின்தகடுகள் தெற்குநோக்கி, 12 அல்லது 13 பாகை சாய்வில் நிற்க வேண்டும். காலையிலும் மாலையிலும் குன்றின் நிழலோ மரநிழலோ படாத இடம் தேர்தல் வேண்டும். மின்கலங்களில் மின்சாரத்தைச் சேமிப்பதினும் தொட்டியில் நீராகச் சேமிப்பது மலிவு. தொட்டி பல்லாண்டு உழைக்கும், மின்கலத்தைச் சில ஆண்டுகளில் மாற்ற நேரும்.

கிராம அலுவலர் கவனிக்க வேண்டியவை

மலையின் பெரும்பகுதி காப்புக்காடு ஆதலால், குழாய் செல்லும் வழியை முன்னரே ஆராய்ந்து, வேண்டிய இடத்தில் வனத்துறையின் அனுமதியைப் பெறும்படி குடியானவருக்கு அறிவுறுத்த வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உரிமை பெற்ற நிலங்களின் பதிவுகளையும் சரிபார்த்தல் நலம். மத்திய அரசு 2019இல் தொடங்கிய பிரதம மந்திரி குசும் திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாயிலாகச் சூரியசக்திப் பம்புகள் மானியத்தில் அமைக்கப்பட்டன. மானியம் நாடுவோர் நடப்பு விதிகளை அத்துறையின் அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.

ஒரே ஊற்றில் இருவர் மூவர் பம்பு வைக்க விரும்பினால், சித்திரை அளவை ஊரார் முன்னிலையில் எடுத்து, ஒவ்வொருவர் பங்கையும் எழுதிவைப்பது பின்னாளைய சச்சரவைத் தடுக்கும். பம்பு பழுதானால் வேறொன்று வாங்கலாம். கீழூரார் குடம் நிரம்பாமல் திரும்பும் நிலை வந்தபின் ஊற்றைப் புதிதாக வாங்க இயலாது. ஆகவே மேட்டுநிலத் தோட்டத்தின் அளவைப் பம்பைக்கொண்டு முடிவுசெய்யாது, கோடைநாளின் ஊற்றைக்கொண்டே முடிவுசெய்தல் வேண்டும்.