இரண்டே பாட்டு, ஒரு கடைசி இசைத்தட்டு



ஜாதவ்பூரில் வளரும் நம் பிள்ளைகள் கிடாரை எடுத்தால் முதலில் பாடுவது பெரும்பாலும் வங்காளிப் பாட்டுத்தான். அதன் மூலம் எது என்று பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது. இவ்விதழின் பாடம் அதுவே.

நம் பேட்டைக்கு அருகிலுள்ள நாக்தலாவில், 1970களின் நடுவில், கௌதம் சட்டோபாத்யாய் என்பவரும் அவருடைய தம்பிமார், நண்பர்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். பெயர் 'மொஹீனேர் கோராகுலி'. 'மொஹீனின் குதிரைகள்' என்று பொருள். கவிஞர் ஜீபனானந்த தாஸின் கவிதையிலிருந்து எடுத்த பெயர் இது. பாவுல் பாட்டோடு ராக், ஜாஸ் ஆகியவற்றைக் கலந்தார்கள். கிடாரோடு வயலினும் சாக்ஸபோனும் சேர்ந்தன. காதல் பாட்டே கேட்டுப் பழகிய ஊருக்கு இது புதிது.

1977, 1978, 1979 என ஆண்டுக்கு ஒரு தட்டு வெளிவந்தது. கடைசித் தட்டு 'த்ருஷ்யமான் மொஹீனேர் கோராகுலி'. அதில் இரண்டே பாட்டு.

ஏன் இவ்வளவு குறைவு? இங்கே சிறிது பொறியியல். அக்காலத்தில் சிறு தட்டு நிமிடத்துக்கு 45 முறை சுழலும். ஊசி ஓடும் பள்ளம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருண்டு செல்லும். ஓசை பலமாக, அடிச்சுருதி கனமாக இருந்தால் பள்ளம் அதிகம் அசையும். அதற்கு இடம் வேண்டும். நெருக்கி வெட்டினால் நேரம் கூடும், ஓசை மெலியும். ஆகவே ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும்.

தட்டுகள் அதிகம் விற்கவில்லை. 1981இல் குழு கலைந்தது. ஆளுக்கொரு வேலை தேடிப் போனார்கள். ஆனால் கல்லூரி மாணவர்கள் அந்தப் பாட்டுகளை விடவில்லை. 1995 கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில், கௌதம் இளம் பாடகர்களைச் சேர்த்துத் தொகுத்த 'ஆபார் பொச்சோர் குரி போரே' கேசட் வந்தது. 'மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின்' என்று அதற்குப் பொருள். அதிலுள்ள 'பிருதிபிடா நாகி' பாட்டின் மெட்டுத்தான் 2006இல் 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தில் ஒலித்தது. கௌதம் அதைக் கேட்கவில்லை, 1999இலேயே காலமானார்.

விற்காத தட்டு வீண் தட்டு அல்ல. யாரோ பத்திரப்படுத்தியதால்தான் அது அடுத்த தலைமுறைக்குக் கிடைத்தது. நம் பொங்கல் விழாவில் பிள்ளைகள் சொந்தமாகப் பாட்டுக் கட்டினால், தமிழும் வங்காளமும் கலந்திருந்தாலும் சரி, பதிவு செய்து பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். இன்று கேட்பவர் பத்துப் பேராக இருக்கலாம். இருபது ஆண்டு கழித்துத் தேடி வருபவருக்கு அது கிடைக்க வேண்டும்.