பாசி எடுக்கும் பெண்கள் வகுத்த கட்டுப்பாடு

இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்கள் பலவற்றில் மீன்பிடிப்பு ஆண்களின் தொழில். கடற்பாசி எடுப்பது பெண்களின் தொழில். பாம்பன் தீவிலுள்ள சின்னப்பாலம் போன்ற ஊர்களில் தாய்க்குப் பின் மகள் என இது தொடர்ந்து வருகிறது. கண்ணுக்குக் கண்ணாடி, விரலுக்குத் துணிச் சுற்று, இடுப்பில் வலைப்பை. இவ்வளவே கருவி. மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியுள்ள பாசியைக் கையால் பறிக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர்அகரும், கட்டைக்கோரையிலிருந்து ஆல்ஜினேட்டும் தயாராகின்றன.

தூர் இருந்தால்தான் தழை

தீவனப் புல்லை அறுத்தால் தூர் மீண்டும் தழைக்கும்; தூரோடு பிடுங்கினால் அடுத்த அறுப்பு இல்லை. பாசியும் அப்படித்தான். இரும்புச் சுரண்டியால் சுரண்டினால் அடிப்பாகமும் பெயர்ந்து விடுகிறது. பவளப் பாறையும் சிதைகிறது. பாசி எல்லோருக்கும் பொது. ஆகவே, 'நாம் விட்டால் பிறர் எடுத்து விடுவர்' என்ற எண்ணமும் எளிதில் எழும். இத்துடன், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதால், தீவுகளை அண்டிப் பாசி எடுப்பதே சிக்கலாயிற்று.

பெண்களே எடுத்த முடிவு

இந்நிலையில் பெண்கள் ஊர்தோறும் கூடிப் பேசிச் சில கட்டுப்பாடுகளை வகுத்துக் கொண்டனர்:

1. இரும்புச் சுரண்டியைக் கைவிட்டுக் கையால் மட்டுமே பறிப்பது.

2. அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள், ஆக மாதம் 12 நாள் மட்டுமே எடுப்பது. அந்நாட்களில் வற்றம் மிகுதியாதலால் பாசி எளிதில் கைக்கு எட்டும்.

3. மீன்பிடித் தடைக்காலத்தில் 45 நாள் பாசி எடுப்பதையும் நிறுத்தி வைப்பது.

கடலுக்குப் போகாத நாளில் வருமானம் இல்லை. அன்றாடம் அரிசி வாங்கும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பன்று. ஒருவர் மீறினாலும் மற்றவர் பொறுமை வீணாகும். ஆயினும் எதை எப்போது விட வேண்டும் என்பதை நீருக்குள் இறங்குபவரே அறிவார். அவரே வகுத்த விதியை அவரே காப்பார். இப்பெண்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் 'சீக்காலஜி' என்ற பன்னாட்டு அமைப்பின் பரிசு கிடைத்தது.

வயலுக்கு என்ன பாடம்?

கடற்பாசிச் சாறு இன்று பயிர் ஊக்கியாக விற்பனையாகிறது. அது தொழுஉரத்துக்கோ ரசாயன உரத்துக்கோ மாற்றன்று, துணையே. கரையில் ஒதுங்கும் பாசியைக் குப்பையில் சேர்ப்பதாயின், நல்ல நீரில் நன்கு அலசி உப்பைப் போக்கிய பின்னரே சேர்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்றுண்டு. நாற்று நடுவதும், களை எடுப்பதும், விதையைச் சேமிப்பதும், கறவை மாட்டைப் பேணுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. எந்த ரகத்தில் களை மிகுதி, எந்த விதை பூச்சி தாங்கும் என்பதை அவர்கள் கை அறியும். எனினும் ரகம் தேர்வதும், கடன் வாங்குவதும், விளைச்சலை விற்பதும் பல வீடுகளில் அவர்களைக் கேளாமலே நடக்கின்றன.

விவசாயிகள் அடுத்த பருவத்துக்கு விதை வாங்குமுன், வீட்டுப் பெண்களுடன் அமர்ந்து வரவு செலவையும் பயிரையும் பேசி முடிவு செய்யலாம். ஊர்ப் பொதுக் குளம், மேய்ச்சல் நிலம் பற்றிய கூட்டங்களிலும் அவர்களுக்கு இடம் தர வேண்டும். வேலையில் பங்குள்ளவருக்கு முடிவிலும் பங்கிருந்தால்தான் கட்டுப்பாடு நிலைக்கும்.