பழைய நண்பர்கள் கூடும் நாள்: பயனுள்ள 25 குறிப்புகள்

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் இருபத்தைந்து, முப்பது வருடம் கழித்துக் கூடும் ‘கெட்-டுகெதர்’ இன்று தமிழ்நாட்டில் ஊர்தோறும் நடக்கிறது. நல்ல விஷயம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் 1938-ல் தொடங்கி இன்றுவரை தொடரும் ஆய்வு, நெருக்கமான உறவுகள் உள்ளவர்களே வயதான பிறகும் ஆரோக்கியமாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்கிறார்கள் என்று காட்டுகிறது. உறவினர் கூட்டத்தில் நாம் அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை. பழைய நண்பர்கள் நடுவில்தான் வெறும் பெயராக, பழைய ஆளாக இருக்க முடிகிறது.

ஆனால் அழைப்பு வந்தும் போகாதவர்கள் ஒவ்வொரு செட்டிலும் இருக்கிறார்கள். ‘எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், நான் எப்படிப் போய் நிற்பது’ என்ற தயக்கம் அவர்களுக்கு. அந்தத் தயக்கக்காரரை மனதில் வைத்து ஏற்பாடு செய்தால் சந்திப்பு எல்லோருக்கும் இனிக்கும். கீழே உள்ள குறிப்புகள் அத்தனைக்கும் அடிப்படை இதுதான்.

கூடுவதற்கு முன்

1. பள்ளியைப் பாதியில் விட்டவரையும் தேடுங்கள். எட்டாம் வகுப்போடு நின்றவர், பத்தாவதில் தேறாதவர், வேறு பள்ளிக்கு மாறிப் போனவர் எல்லோரும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தான். இவர்களை விட்டுவிட்டுத் தேறியவர்கள் மட்டும் கூடுவது நட்புக்கு அழகல்ல.

2. தேடும் வேலையை ஊர்வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்தெந்த ஊரிலிருந்து யார் யார் பஸ்ஸில் வந்தார்கள் என்று எழுதி, ஊருக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் விசாரித்தால் கிடைக்கும் தகவல் பல நேரம் இணையத்தில் கிடைக்காது.

3. எந்தச் செட் என்பதை அழைப்பில் தெளிவாகப் போடுங்கள். தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-ல்தான் வந்தது. அதற்கு முன் படித்தவர்கள் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளியை முடித்தவர்கள். ‘1985 செட்’ என்றால் பத்தாவதா, பிளஸ் டூவா என்ற குழப்பம் வரும். வகுப்பையும் பிரிவையும் சேர்த்தே எழுதுங்கள்.

4. கேட்டுவிட்டு எண்ணைச் சேருங்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்த உடனே ஒருவருடைய எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெண்களுக்கு இது பெரிய சங்கடம். முதலில் ஒரு தோழி போனில் பேசி, சம்மதம் பெற்ற பிறகு சேர்ப்பதே முறை. வேண்டாம் என்பவருக்குத் தேதியையும் இடத்தையும் தனியாகத் தெரிவித்தால் போதும்.

5. தேதியை மூன்று மாதம் முன்பே முடிவு செய்யுங்கள். மே மாதம் வெயில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வெளியூர், வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்கு வரும் பொங்கல் விடுமுறையும், அதற்கடுத்த பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமைகளும் வசதியானவை. காலண்டரில் முகூர்த்த நாளா என்று பார்த்துவிடுங்கள். முகூர்த்தத்தில் மண்டபமும் கிடைக்காது, சமையல்காரரும் கிடைக்கமாட்டார்.

6. ரயில் முன்பதிவு தொடங்கும் நாளைக் குழுவில் நினைவூட்டுங்கள். 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு செய்ய முடியும். முன்பிருந்த 120 நாள் கணக்கு இப்போது இல்லை. ஒரே டிக்கெட்டில் 6 பேர் வரை போகலாம் என்பதால், ஒரே ஊரில் இருப்பவர்கள் சேர்ந்து எடுத்தால் பயணத்திலேயே சந்திப்பு தொடங்கிவிடும்.

7. படித்த பள்ளியையே இடமாகத் தேர்ந்தெடுங்கள். ரிசார்ட் என்றால் செலவும் ஏறும், தயக்கமும் ஏறும். பள்ளியில் பழைய வகுப்பறையும் வேப்பமரமுமே பேச்சைத் தொடங்கி வைத்துவிடும். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குடிநீர், கழிப்பறை, சாவி வைத்திருப்பவர் ஆகிய மூன்றையும் முதல் நாளே நேரில் போய்ப் பாருங்கள்.

8. பகல் பத்து மணி முதல் நான்கு மணி வரை வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் இருட்டுமுன் வீடு திரும்பலாம், கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க யாரும் ஓட வேண்டியதில்லை. மது வேண்டாம் என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். அதைப் படித்த பிறகுதான் பல வீடுகளில் ‘போய்ட்டு வா’ என்பார்கள்.

பணமும் கணக்கும்

9. குறைந்த தொகையைப் பொதுவாக வையுங்கள். சாப்பாட்டுச் செலவை மட்டும் தலைக்கு இவ்வளவு என்று பிரியுங்கள். மீதியை வசதி உள்ளவர்கள் தாமாகத் தரட்டும். யார் எவ்வளவு தந்தார் என்று குழுவில் பட்டியல் போடாதீர்கள். பணம் தராதவர் பெயரைப் பொறுப்பாளர்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

10. பணத்தை இருவர் பொறுப்பில் வையுங்கள். ஒருவர் வாங்கட்டும், இன்னொருவர் கணக்கு எழுதட்டும். நிகழ்ச்சி முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு செலவைக் குழுவில் போட்டுவிடுங்கள். நல்ல நட்புகள் பல கணக்குக் காட்டாததால் முறிந்திருக்கின்றன.

அந்த ஒரு நாள்

11. பெயர் அட்டையைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். முகம் மாறியிருக்கும், முடி நரைத்திருக்கும். ‘என்னைத் தெரியுதா?’ என்று கேட்டு யாரையும் விழிக்க வைக்க வேண்டாம். பெண்களுக்குப் பள்ளியில் இருந்த இனிஷியலையே போடுங்கள். வகுப்பில் மூன்று விஜயலட்சுமிகள் இருந்தால் அந்த இனிஷியல்தான் கைகொடுக்கும். பதவியும் பட்டமும் அட்டையில் வேண்டாம்.

12. பழைய வருகைப் பதிவேட்டு வரிசையில் அழையுங்கள். யாராவது ஒருவர் எழுந்து பெயர் கூப்பிட, ஒவ்வொருவரும் ‘உள்ளேன் ஐயா’ சொல்லி இரண்டு நிமிடம் பேசட்டும். கலெக்டரும் கட்டட மேஸ்திரியும் ஒரே வரிசையில் வந்துவிடுவார்கள். பேச விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது.

13. ஆசிரியர்களை வீட்டுக்கே போய் அழைத்து வாருங்கள். கார் அனுப்புவதோடு ஒரு மாணவரும் கூடப் போக வேண்டும். அவர்களை முதலிலேயே பேச வைத்து, பன்னிரண்டு மணிக்குள் சாப்பாடு கொடுத்து, வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். பொன்னாடையும் கேடயமும் அவர்கள் வீட்டில் நிறைய இருக்கும். நல்ல வேட்டி, புடவை அல்லது கண்ணுக்கு இதமான மேசை விளக்கு வாங்கித் தந்தால் தினமும் பயன்படும்.

14. மறைந்த நண்பர்களின் பெயரைச் சரிபார்த்து வாசியுங்கள். ஒரு நிமிட மௌனம் போதும். அவர்களுடைய மனைவி, கணவர், பிள்ளைகளை முன்பே அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். தந்தையின் பள்ளிக்காலக் கதையை அந்தப் பிள்ளைகளுக்கு அவருடைய நண்பர்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

15. சாப்பாட்டை எளிமையாக, நேரத்தோடு போடுங்கள். பலருக்குச் சர்க்கரை இருக்கும். ஒரு மணிக்கு இலை போட்டுவிட வேண்டும். ஒரு கிலோ அரிசிச் சோறு எட்டுப் பேருக்குப் போதுமானது. பாயசத்தைக் கட்டாயமாக்காதீர்கள். தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம் போன்றவை வெயிலில் சீக்கிரம் கெடும் என்பதால் கடைசியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சமையல்காரருக்கும் அதே பந்தியில் பரிமாறுங்கள்.

16. மூன்று கேள்விகளைத் தவிர்த்துவிடுங்கள். ‘எவ்வளவு சம்பளம்?’, ‘பிள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?’, ‘வீட்டுக்காரர் வரலையா?’ இவற்றில் ஏதோ ஒன்று யாரோ ஒருவரைக் காயப்படுத்தும். ‘இப்ப எதுல நேரம் போகுது?’ என்று கேளுங்கள். சொல்ல விரும்புகிறவர் மீதியைத் தானே சொல்வார்.

17. பழைய பட்டப்பெயரை அவரே சொன்னால் மட்டும் சொல்லுங்கள். உடம்பை, நிறத்தை, சாதியைக் குறித்த பெயர்கள் அன்றும் வலித்திருக்கும். அந்த வலியால்தான் சிலர் இத்தனை வருடம் தொடர்பில் வராமல் இருந்திருப்பார்கள்.

18. அங்கே எதையும் விற்காதீர்கள். இன்ஷூரன்ஸ், சீட்டு, மனை, கட்சி எதற்கும் அந்த நாளில் இடம் வேண்டாம். கடன் கேட்பதும் கொடுத்த கடனை நினைவூட்டுவதும் வேறொரு நாளில் இருக்கட்டும்.

19. குழுப் படத்தைச் சாப்பாட்டுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். சாப்பிட்டவுடன் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். பழைய வகுப்புப் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கி மாட்டி, ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர் எழுத ஒரு பேனா வையுங்கள். புதுப் படங்களைச் சமூக வலைதளத்தில் போடுமுன் படத்தில் இருப்பவர்களைக் கேட்டுவிடுங்கள்.

வீட்டிலும் ஆர்வக் குழுவிலும்

20. வருடம் ஒரு பெரிய கூட்டம் என்றால், மாதம் ஒரு சின்னக் கூடுகை வையுங்கள். ஆறேழு பேர் ஒருவர் வீட்டில் இரண்டு மணி நேரம் கூடினால் மனம் விட்டுப் பேச்சு வரும். அரைக் கிலோ கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊற வைத்தால் பத்துப் பேருக்குச் சுண்டல். டிகாஷனை முன்பே இறக்கி வைத்துவிடுங்கள். வீட்டுப் பெண்களைச் சமையலறையில் நிறுத்திவிட்டு ஆண்கள் கூடத்தில் பேசுவது விருந்தாகாது. டம்ளர் கழுவும் வேலையை விருந்தாளிகள் பகிர்ந்துகொள்ளட்டும். முழங்கால் வலிக்காரர்களுக்குக் கையுள்ள நாற்காலி, காது மந்தமானவருக்குச் சத்தமில்லாத மூலையில் இடம், டிவி அணைந்திருத்தல் ஆகிய மூன்றும் அவசியம்.

21. பழைய நண்பர்கள் கிடைக்காத ஊரில் ஆர்வத்தைக் கொண்டு நண்பர்களைத் தேடுங்கள். பறவை பார்ப்பது இதற்கு நல்ல வழி. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கலையொட்டிய நான்கு நாட்களில், ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்த பறவைகளை எண்ணி ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிய வேண்டும். வீட்டு மொட்டை மாடியும் போதும், செலவு எதுவுமில்லை. குடும்பத்தோடு வேடந்தாங்கல் போவதென்றால் நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம்.

22. வாசகர் வட்டம் தொடங்கினால் சிறுகதையில் தொடங்குங்கள். ஒரு கதையை எல்லோரும் படித்துவிட்டு வருவது எளிது. தடிமனான நாவலை எடுத்தால் முடிக்காதவர் வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடுவார். 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வட்டத்தினர் சேர்ந்து போய், ஒருவர் வாங்கியதை இன்னொருவருக்குச் சுற்றுக்கு விடுங்கள்.

23. கோயில் பார்க்கச் சேர்ந்து போகிறவர்கள் நடை சாத்தும் நேரத்தைக் கணக்கிடுங்கள். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். முதலாவது 1987-லும் மற்ற இரண்டும் 2004-லும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. காலையில் இரண்டு, மாலையில் ஒன்று என்று வைத்தால் அவசரம் இராது. சிற்பம் தெரிந்தவர் பேசும்போது புதியவர் கேட்கும் கேள்விக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். புதிதாக வந்தவர் அடுத்த முறையும் வருகிறாரா என்பதுதான் எந்த ஆர்வக் குழுவுக்கும் தேர்வு.

கலைந்த பிறகு

24. வாட்ஸ்அப் குழுவுக்கு இரண்டே விதி வையுங்கள். மதம், கட்சி சார்ந்த ஃபார்வர்டு வேண்டாம். நள்ளிரவில் செய்தி வேண்டாம். சண்டை மூண்டால் நடுவில் நின்று வாதாடாமல், இருவரிடமும் தனித்தனியே போனில் பேசுங்கள். எழுத்தில் முற்றும் சண்டை குரலைக் கேட்டால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

25. சேர்ந்த பணத்தில் ஒரு பங்கைப் பள்ளிக்குக் கொடுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்கள் உதவ ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. பெரிய தொகைதான் வேண்டும் என்பதில்லை. நூலகத்துக்குப் புத்தகங்கள், மாணவியருக்குக் கழிப்பறைக் கதவு, குடிநீர்க் குழாய் எது தேவை என்று தலைமை ஆசிரியரிடமே கேட்டுச் செய்யுங்கள்.

சந்திப்பு சிறப்பாக நடந்ததா என்பதை எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். கஷ்டத்தில் இருக்கும் நண்பர் அடுத்த வாரம் உங்களுக்குத் தயங்காமல் போன் செய்தால் அந்தச் சந்திப்பு வெற்றி. உங்கள் வகுப்பில் இன்னும் யாருக்கும் தொடர்பு கிடைக்காத ஒருவர் இருப்பார். இந்த வாரமே அவரைத் தேடத் தொடங்குங்கள்.