வீட்டை விற்றுப் படிக்க வைக்கலாமா?

கேள்வி: அரசுப் பள்ளியில் படித்த மகளைப் பொறியியலில் சேர்க்க, இருக்கும் ஒரே வீட்டை விற்கத் துணிந்துவிட்டேன். சரிதானா?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: உங்கள் மனதை வணங்குகிறேன், அம்மா. ஆனால் வீட்டை விற்காதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஒதுக்கீடு கிடைக்காவிட்டால், முதல் பட்டதாரி சலுகைக்குத் தகுதி உண்டா என்று பாருங்கள். அடுத்தது வங்கிக் கல்விக்கடன்: 4 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். கடனை அவள் சம்பாதித்து அடைப்பாள். விற்ற வீடு உங்கள் முதுமைக்குத் திரும்பாது. வரவு செலவை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பொறுப்பு தெரிந்து படிக்கும் பிள்ளை நிமிர்ந்து நிற்பாள்.