நேர்மாறைத் தேடாமலே அதன் வகைக்கெழு

பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறவன் நான். நேர்மாறு சார்பு என்றதுமே அதற்குச் சூத்திரம் கண்டுபிடிக்கப் பேனாவைத் திறந்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை உடைக்கவே இந்தக் கணக்கைப் போடுவேன்: ஒரு எண்ணின் ஐந்தாம் அடுக்கோடு அந்த எண்ணையே கூட்டு. இந்தச் சார்பின் நேர்மாறுக்கு 2 என்ற இடத்தில் வகைக்கெழு என்ன?

இந்த நேர்மாறை வர்க்கமூலம், கனமூலம் போன்றவற்றை வைத்து எழுதவே முடியாது. கொஞ்ச நேரம் திணறட்டும் என்று விட்டுவிடுவேன். பிறகு ஒரே கேள்வி: "2 எங்கிருந்து வந்தது?" 1-ஐப் போட்டால்தான் 2 வரும். ஆக, மூலச் சார்பின் வகைக்கெழுவை 1-இல் பார்த்தால் போதும். நான்காம் அடுக்கின் ஐந்து மடங்கு, கூட்டல் 1, அதாவது 6. நேர்மாறுக்கு 1/6. அவ்வளவுதான்.

தலைகீழாக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். எந்த இடத்தில் என்பதில்தான் மதிப்பெண் போகிறது. 2-ஐயே வகைக்கெழுவில் போட்டு, 81 வாங்கி, 1/81 என்று எழுதிவைப்பார்கள். அதனால் விடைத்தாள் ஓரத்தில் (1, 2) என்று முதலில் எழுதி, கீழே (2, 1) என்று திருப்பி எழுதச் சொல்வேன். பாதித் தவறு அங்கேயே நின்றுவிடும்.

நம்பாதவனுக்குக் கால்குலேட்டர் இருக்கிறது. விடை 2-லிருந்து 0.06 கூட வேண்டுமானால், போடும் எண் அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 0.01 கூட வேண்டும். 1.01-ஐப் போட்டால் 2.061 வருகிறது. ஆட்டோ மீட்டர் மாதிரிதான்: கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்பதைத் திருப்பினால் ரூபாய்க்கு இத்தனை கிலோமீட்டர்.

நேர்மாறு சைனை மட்டும் நிதானமாக எடுப்பேன். சைனின் தலையில் உட்கார்ந்திருக்கும் −1 அடுக்கு அல்ல. ஜான் ஹெர்ஷல் 1813-இல் கொண்டுவந்த குறி. (எனக்கு அது பிடிக்காது. ஆனால் கேள்வித்தாளில் அதுதான் வரும்.) அதைப் பார்த்து 1-ஐச் சைனால் வகுக்கிறவர்கள் வருடா வருடம் உண்டு. நேர்மாறு சைனின் வகைக்கெழுவில் வர்க்கமூலத்துக்கு மிகைக் குறி மட்டும் ஏன் என்று யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷம். கோணத்தை −90 பாகையிலிருந்து 90 பாகைக்குள் கட்டிவைத்திருக்கிறோம். சைனின் வகைக்கெழுவான கொசைன் அதற்குள் குறை எண் ஆகாது.

இந்த வழி கைவிடும் இடத்தையும் காட்டிவிட வேண்டும். ஒரு எண்ணின் கனத்துக்குப் பூஜ்யத்தில் வகைக்கெழு 0. அதைத் தலைகீழாக்க வழியில்லை. நேர்மாறான கனமூலம் அங்கே இருக்கிறது, வகைக்கெழு இல்லை. அதன் வரைபடத்தைப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். பூஜ்யத்தில் தொடுகோடு செங்குத்தாக நிற்பதை அவர்களே பார்த்துவிடுவார்கள்.